செதில் முளைத்த துரை

போன மாதம் என் மகன் என்னிடம் ஒரு பொய் சொன்னான். அவனுக்குப் பத்து வயது. அவன் அப்பாவுக்கு இரத்த அழுத்தம். கிளினிக்கில் காட்டிவிட்டு வாருங்கள் என்று இருவரையும் சேர்த்தே அனுப்பியிருந்தேன். அவர்கள் வழியில் மைதானத்தில் கிரிக்கெட் பார்த்துவிட்டு நேரம் போனதும் அப்படியே திரும்பிவிட்டார்கள். அது அப்போது எனக்குத் தெரியாது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கணவர் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மகன்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னான்.

"ஒண்ணும் இல்லன்னு சொன்னாரும்மா. சொல்லிட்டு சிரிச்சாரு."

ஒன்பதாம் நாள் கணவர் குளிக்கிற இடத்தில் விழுந்தார். இப்போது எழுந்து நடக்கிறார், சாப்பிடுகிறார், மாத்திரையை மறக்காமல் போடுகிறார். நான்தான் அவர் குளித்துவிட்டு வரும்வரை இன்னும் கதவுக்கு வெளியே நிற்கிறேன். எல்லோரும் என்னை மகனைக் கண்டிக்கச் சொன்னார்கள். நான் கண்டிக்கவில்லை. அந்த டாக்டரின் சிரிப்பை எங்கிருந்து எடுத்தாய் என்று மட்டும் கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாது என்பது எனக்கும் தெரியும். அவனைவிட இரண்டு வயது குறைவாக இருந்தபோது நானும் அப்படி ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரு மாஸ்டர். தோட்டத்தை நடத்திய துரைக்கு அடுத்தபடி அப்பாவைத்தான் மதித்தார்கள் என்று எழுத ஆசைதான். உண்மையில் பெரிய கிளாக்கர், டீமேக்கர், கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் பிறகுதான் அப்பா வருவார். அம்மா கொழுந்து பறிக்கப் போனவர். மாஸ்டர் பெண்சாதி மலைக்குப் போகிறாளே என்று யாரும் கேட்டதில்லை. அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் ஏதாவது வழக்கு வந்தால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். மாஸ்டர் பொய் சொல்ல மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். அது ஒன்றுதான் அவர் சேர்த்து வைத்த சொத்து. பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளையை அவர் அடிப்பதில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி, அதே பொய்யை மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொல்வார். முதல் தரம் யாரும் சொல்லிவிடலாம். இரண்டாம் தரம் தொண்டை அடைக்கும். மூன்றாம் தரம் அழுகை வந்துவிடும். சிலேட்டுக் குச்சியை எலி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லி நானும் ஒருமுறை அப்படி நின்று அழுதிருக்கிறேன். மாஸ்டர் மகள் என்பதால் எனக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட அப்பாவுக்கு ஒரு இரகசியம் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாதம் ஒருமுறை, பள்ளிக்கூட வரவுப் பதிவு இடாப்பைக் காட்டிவிட்டு வர அவர் ஹட்டன் டவுனுக்குப் போவார். சில தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஒரு தடவை வேலை முடிந்து வெளியே வந்தபோது மழை கொட்டியது. பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஒதுங்க நாங்கள் ஓடியது தகரக் கூரை போட்ட படமாளிகைக்குள். அப்பா சினிமாவுக்குப் பரம எதிரி. சினிமா குடும்பத்தைக் கெடுக்கும் என்று மாரியம்மன் திருவிழா மேடையிலேயே பேசியவர். அதனால் டிக்கட் கொடுக்கிறவரிடம், இது தமிழ்ப் படமா என்று இரண்டு முறை கேட்டார். இல்லை, இங்கிலீஷ், சமுத்திரத்தைப் பற்றியது என்று அவர் சொன்னார். சமுத்திரம் என்றால் பூகோளம். பூகோளம் என்றால் பாடம். அப்பா காசைக் கொடுத்தார்.

அது பூகோளம் இல்லை. கொழும்பிலும் கண்டியிலும் ஓடித் தேய்ந்து, ஹட்டனுக்கு வந்து சேர்ந்த பழைய படம். எங்கள் ஒற்றை அறை லயத்துக் காம்பிரா அளவு பெரிய நண்டு ஒன்று கடலிலிருந்து ஏறி வந்து வெளிச்ச வீட்டைப் பிடித்து ஆட்டியது. அதன் கால்களில் ஒன்று கயிற்றில் தொங்குவது நன்றாகத் தெரிந்தது. கூரை மேல் மழை அடித்த அடியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. அப்பா என் காதருகே குனிந்து, வகுப்பில் பேசுகிற மாதிரியே சுத்தமாக விளக்கினார்.

"இது இரண்டு கோடி வருடங்கள் நித்திரையில் இருந்த பிராணி. குண்டு வெடித்த சத்தத்தில் விழித்துக்கொண்டது. விழித்தவுடன் பசி எடுப்பது இயற்கை."

நண்டு ஒரு வெள்ளைக்காரரைத் தூக்கியபோது அப்பாவின் பாட விளக்கம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. பயந்து அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். என் அப்பா அப்படிச் சிரித்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அவர் சிரித்தால் மீசை மட்டும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகரும்.

பஸ்ஸில் வரும்போது, அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டேன். அப்பா இரண்டு வளைவு தாண்டிய பிறகு சொன்னார்: "கேட்டா சொல்லு. கேக்காட்டி நாமளா சொல்ல வேணாம். சொல்லாம இருக்கிறது பொய் ஆகாது."

அதன் பிறகு மூன்றோ நான்கோ தடவை போயிருப்போம். கடலிலிருந்து எது எழுந்து வந்தாலும் நாங்கள் மலிவு டிக்கட் கலரியில் உட்கார்ந்து அதை வரவேற்றோம். எட்டுக் காலுள்ள ஒன்று, வாலில் வெளிச்சம் எரிந்த ஒன்று, ஆள் மாதிரி நிமிர்ந்து நடந்த ஒன்று. எனக்குப் பயமும் வறுத்த கடலைச் சுருளும் ஒன்றாகவே பழகிப்போயின. நான் கடலைப் பார்த்ததில்லை. காலையில் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம் நிரம்பி, மலை முகடுகள் மட்டும் வெளியே தெரியும்போது கடல் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அப்பா கடலைப் பார்த்தவர். ஒருமுறை தாண்டிப் போய், திரும்பவும் தாண்டி வந்தவர். அதைப் பற்றிக் கேட்டால் மட்டும், தண்ணீர், நிறையத் தண்ணீர் என்பார். அவ்வளவுதான்.

அம்மா கேட்கவில்லை. அதனால் நாங்கள் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் ஜனங்களுக்கு இருந்த ஒரே பேச்சு பிரஜா உரிமை. இந்த நாட்டில் பிறந்து, இந்த மலையில் முதுகு வளைந்தவர்களும்கூட நாங்கள் இந்த நாட்டவர்கள்தான் என்று எழுதிக் கொடுத்து, விசாரணைக்குப் போய், காகிதம் வாங்க வேண்டியிருந்தது. அப்பாவும் எங்கள் எல்லோர் பெயரையும் எழுதி விண்ணப்பம் போட்டிருந்தார். போட்டுப் பல வருடங்கள் கழித்துத்தான் விசாரணைக்கு வரச் சொல்லி ஹட்டனிலிருந்து கடிதம் வந்தது.

அம்மா அந்தக் கடிதத்தை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, தினமும் விளக்கு ஏற்றும்போது தொட்டுப் பார்ப்பார். எனக்கு முன்னால் பிறந்து இறந்துபோன இரண்டு பிள்ளைகளைப் பன்னிரண்டாம் நம்பர் மலைக்குக் கீழேதான் புதைத்திருந்தார்கள். காகிதம் கிடைக்காவிட்டால் ஒரு நாள் எல்லோரையும் கப்பலேற்றி விடுவார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு வந்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். எனக்கு ஒரு அண்ணன், அவன் விஷயம் இன்னும் அவசரமானது. அவனுக்குப் பதினாறு வயது. ஹட்டன் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது அவன் கனவு. அங்கே பிரஜைகளை மட்டும்தான் சேர்ப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அதை அப்போது நான் அறியவில்லை, பிற்பாடு அண்ணன் சொன்னான். நான் பிறப்பதற்கு முன்னால், தாத்தா இறந்த செய்தி வந்து அப்பா இந்தியாவில் துறையூர்ப் பக்கம் ஊருக்குப் போயிருக்கிறார். போன இடத்தில் காய்ச்சலில் படுத்து, பிறகு பங்காளிச் சண்டையில் மாட்டி, திரும்பி வர பதினாலு மாதம் ஆகிவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து நாட்டை விட்டுப் போயிருந்தீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. ஆம் என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். ஹட்டன் கடைவீதியில் பெட்டிசன் எழுதுகிறவர் அப்பாவிடம் கேட்காமலே இல்லை என்று எழுதிவிட்டார். யார் மாதத்தை எண்ணப் போகிறார்கள், மாஸ்டர் என்று சிரித்தாராம். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். எழுதியது அவர் கை இல்லை, பேசியது அவர் வாய் இல்லை என்று சமாதானம் செய்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் துரைக்கு மனம் இளகும் என்று யோசனை சொன்னவரும் அந்தப் பெட்டிசன்காரர்தான். விசாரிக்கிற அதிகாரி நம் நாட்டுக்காரரே ஆனாலும், எங்கள் ஜனங்களுக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எவரும் துரைதான். அது கொழுந்து மும்முரமான மாதம். அம்மாவுக்குக் கணக்கப்பிள்ளை லீவு கொடுக்கவில்லை. அண்ணனுக்குப் பரீட்சை. எனக்கு ஒரு மஞ்சள் கவுன் தைத்துப் போட்டு, தலையில் எண்ணெய் வழிய வழிய வாரி அனுப்பினார்கள். பஸ் ஏறும்போது அம்மா அப்பாவின் கோட்டுக் காலரை நீவிவிட்டார்.

"நீங்க பேசினா யாரும் நம்புவாங்க. பயப்படாம பேசுங்க."

விசாரணை அலுவலகமான கந்தோரின் வராந்தாவில் நீளமான வாங்கு போட்டிருந்தது. அதில் ஏற்கெனவே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். அப்பா மடியில் காகிதக் கட்டு, மேலே மடக்கிய குடை, அதன் மேல் இரண்டு கைகள். பகல் வரைக்கும் எங்கள் பெயர் வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் உள்ளே போய்விட்டு வந்தார். அவருக்கு அப்பாவைத் தெரியும். தலைப்பாகைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதக் கேட்டாலும் மொதல்ல சத்தியம் வாங்கிக்கிறாங்க மாஸ்டர். சாமி பேரச் சொல்லி, கையத் தூக்கிச் சொல்லணும். பெறகுதான் கேள்வியே."

அப்பா குடையின் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். மிச்சம் உள்ளவர்கள் இரண்டு மணிக்கு வாருங்கள் என்று பியூன் வந்து சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள்.

நாங்கள் ஒரு கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். அப்பா பாலில்லாத சாயத்தண்ணி மட்டும் குடித்தார், அதுவும் பாதி. திரும்பி நடந்தபோது படமாளிகை வாசலில் புதிய பலகை வைத்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். பச்சை உடம்பு முழுக்கச் செதில், விரல்களுக்கு நடுவே சவ்வு, கையில் மயங்கிய பெண். நான் அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்தேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும். இழுத்தது நான்தான்.

அப்பா பலகையைப் பார்த்தார். தெருவின் மறுமுனையில் கந்தோர் இருந்த பக்கம் பார்த்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார். "இரண்டரைக்கு ஆரம்பமா?" என்று டிக்கட் கொடுப்பவரிடம் கேட்டார். கந்தோர் வேலை முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். காலையிலிருந்து உட்கார்ந்தோமே, அதுதான் விசாரணை என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பார்த்த மிருகம் ஆழ்கடலிலிருந்து ஒரு கப்பலில் ஏறிக்கொண்டது. பெரிய கண்கள், மூடவே மூடாத வாய். கப்பலில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் இருந்தாள். ஆராய்ச்சிக்காரியாக இருக்க வேண்டும். மிருகம் வரும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிக் கத்தினாள். மிருகம் நடந்தால் ஈரச் செருப்பு மாதிரிச் சத்தம் கேட்டது. அப்பா விளக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மிருகம் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பியபோது, கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு கோடு பளபளத்தது. தோட்டத் துரையின் மனைவி துரைசாணியின் குளிர்ச் சட்டையில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பல் பல்லாக இருக்கும், இழுத்தால் மூடும்.

"அப்பா, அதோட முதுகுல ஜிப் இருக்கு."

"தெரியும்மா" என்றார் அப்பா. மிருகம் திரும்பி முகத்தைக் காட்டியதும், "அது தெரியறதாலதான் பாக்க முடியுது" என்றார்.

முடிவில் மிருகத்தைச் சுட்டுக் கடலில் தள்ளினார்கள். கப்பல் தளத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் கை கொடுத்தார்கள். வெளியே வந்தபோது கந்தோரைப் பூட்டியிருந்தார்கள்.

திரும்பும் வழியில் அப்பா பஸ்ஸில் எதையோ எழுதினார். கோட்டுப் பையிலிருந்து விசாரணைக் கடிதத்தை எடுத்து, முழங்காலில் வைத்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். வளைவு வரும்போதெல்லாம் எழுத்து கோணிக்கொண்டது. படத்தின் கதையை எழுதிக்கொள்கிறார் என்று நினைத்தேன். மறந்துபோகாமல் இருக்கத்தான். எனக்கும் அதுதான் கவலையாக இருந்தது.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மலையிலிருந்து கொழுந்துக்காரர்கள் இறங்கியிருந்தார்கள். அம்மா வாசலில் கூடையுடன் அப்படியே நின்றார், கைகூடக் கழுவவில்லை. அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

அப்பா குடையைச் சுவரில் சாய்த்தார். அது விழுந்தது. எடுத்து மறுபடியும் சாய்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தார்.

எனக்கு அந்த வாயைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அம்மா கேட்டுவிட்டார். கேட்டால் சொல்ல வேண்டும். படமாளிகைக்குப் போனோம் என்று அப்பா இப்போது சொல்லிவிடுவார். திருவிழா மேடையில் பேசிய அப்பாவைப் பார்த்து அண்ணன் சிரிப்பான், அம்மா கோபப்படுவார், இனிமேல் எங்களுக்குப் படமே கிடையாது. அப்பாவால் பொய் சொல்ல முடியாது. பாவம், அவருக்கு வராது. எனக்கு வரும்.

"தொரை அப்பாவ உள்ள கூப்பிட்டாரும்மா" என்றேன்.

அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். துரை எப்படி இருந்தார் என்று கேட்டார். அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்ததைச் சொன்னேன். துரைக்குக் கண் பெரியது, வாய் திறந்தபடியே இருந்தது, கழுத்தில் செதில் செதிலாக இருந்தது.

"அடப் பாவமே, சொரி போல" என்றார் அம்மா. "கோவக்காரரா?"

"மொதல்ல கோவமாத்தான் இருந்தாரு. வெள்ளக் கோட்டுப் போட்ட அம்மா ஒண்ணு கூட இருந்திச்சு. அது கத்திக்கிட்டே இருந்திச்சு. பெறகு சரியாப் போச்சு."

"சரியாப் போச்சுன்னா?"

"கடைசில எல்லாரும் கை குடுத்தாங்க."

அம்மா என் தோளைப் பிடித்தார். கொழுந்துக் கறை என் மஞ்சள் கவுனில் ஒட்டியது. "தொரை அப்பாவுக்குக் கை குடுத்தாரா பாப்பா?"

"குடுத்தாரு."

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன் என்று பயம். அம்மா அழுதார். துரைமார் எங்கள் ஜனங்களில் ஒருவருக்குக் கை கொடுத்ததாக அந்தத் தோட்டத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. காகிதம் வருவதற்கு நாளாகலாம். ஆனால் கை கொடுத்த பிறகு இல்லை என்று சொல்வார்களா? அண்ணன் வாசலில் இறங்கி ஓடினான். அவன் ஓடிய வேகத்தில் அடுத்த காம்பிராவிலிருந்து அத்தை வந்துவிட்டார். என்ன நடந்தது என்று அவரும் என்னைத்தான் கேட்டார். இரண்டாம் தரம் சொன்னேன். இந்தத் தடவை கடைசியில் துரை எழுந்து நின்று கை கொடுத்தார். பிறகு லயத்து வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். மாஸ்டர் மகள் சொல்லட்டும் என்றார்கள். மூன்றாம் தரமும் சொன்னேன்.

என் தொண்டை அடைக்கவில்லை. அழுகை வரவில்லை. அப்போதுதான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கதவருகே கோட்டைக் கழற்றாமல் நின்றிருந்தார். ஒரு கை கோட்டுப் பையில் இருந்தது, கடிதம் இருந்த பையில். யாரோ ஒரு பெரியவர் அவருடைய மற்றக் கையைப் பிடித்துக் குலுக்கி, "துரை தொட்ட கை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் மீசையும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது. அன்றைக்கு அம்மா சேமியாப் பாயசம் வைத்தார். அப்பாவுக்கு இரண்டு தரம் ஊற்றினார். அவர் குடித்தார்.

மற்றதெல்லாம் மெதுவாக நடந்தது. வேறொரு கடிதம் வந்தது, ஆங்கிலத்தில். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, அண்ணன் கண்ணில் அது படவில்லை. அப்பாவிடம் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அவர் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து அண்ணன் பயிற்சிக் கல்லூரிக்கு எழுதிப்போட்டபோது பிரஜா உரிமை இலக்கம் கேட்டார்கள். அன்றைக்கு அண்ணன் கேட்டான், அப்பா சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், விசாரணைக்கு வராததால் விண்ணப்பம் தள்ளுபடி என்ற அந்த ஆங்கிலக் கடிதத்தையும் படமாளிகையையும் சேர்த்து. அண்ணன் கத்தவில்லை. ஓராண்டுக்குள் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு தனியாகக் கப்பலேறிவிட்டான். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வேலை பார்த்தான். கடிதம் எழுதுவான். அம்மாவுக்கு என்று எழுதுவான், அப்பாவுக்கு என்று எழுத மாட்டான். அம்மா என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மஞ்சள் கவுனைக் கறையோடு மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அப்பா இறந்தபோது எந்த நாட்டுக்கும் பிரஜையாக இல்லை. அவருடைய காகிதங்களைப் பிரித்துப் பார்த்தபோது அந்த விசாரணைக் கடிதம் இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருந்தது: தகுந்த காரணத்தால் வர இயலாதவர்கள் உடனே எழுதித் தெரிவித்தால் வேறு நாள் குறிக்கப்படும். திருப்பிப் பார்த்தேன். வளைவுக்கு வளைவு கோணிய பென்சில் எழுத்து. ஐயா, நான் இன்று தங்கள் கந்தோருக்கு வந்திருந்தும் உள்ளே வரவில்லை, விண்ணப்பத்தில் உள்ள ஒரு விபரம் உண்மையல்ல, அதை நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் போய்விட்டது, வேறு ஒரு நாள் கொடுத்தால் உண்மையைச் சொல்வேன். கையெழுத்து மட்டும்தான் போட வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார்களா, தள்ளியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டுக்கு வந்து குடையைச் சாய்த்தபோது என்ன சொல்ல வாயைத் திறந்தார் என்பது மட்டும் தெரியும்.

ஆனால் எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது வேறு. அடுத்த மாதம் அப்பா இடாப்போடு ஹட்டனுக்குத் தனியாகப் போனார். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். ஒரு தடவை கெஞ்சிக் கேட்டு நானும் கூடப் போனேன். படமாளிகை வாசலில் புதிய பலகை இருந்தது, திமிங்கலம் மாதிரி ஒன்று, இரண்டு தலையோடு. அப்பா குடையை விரித்து அந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். மழை இல்லை.

அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். காரணமும் எனக்குத் தெரிந்தது. நான் சொன்ன பொய்யில் பல ஓட்டைகள் இருந்தன. வெள்ளைக் கோட்டுப் பெண் எதற்காகக் கத்தினாள் என்று சொல்லவில்லை. துரைக்குச் செதில் அதிகமாகிவிட்டது. அன்றைக்கு அம்மா நம்பிவிட்டார், ஆனால் அது அப்பாவின் அதிர்ஷ்டம், என் திறமை இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பொய்யைத் திருத்தித் திருத்தி மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அடுத்த தடவை அம்மா கேட்கும்போது இன்னும் நன்றாகச் சொல்ல வேண்டும், சொன்னால் அப்பா மறுபடியும் கூட்டிக்கொண்டு போவார்.